கருத்தம்மாவுக்கு ஒரு தோழி இல்லை

செங்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடிக் கதை படிக்கிறோம். பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். போன ஆனி மாதம், சாரல் திண்ணை வரைக்கும் அடித்துக்கொண்டிருந்த ஒரு நாளில், மலையாள எழுத்தாளர் தகழியின் செம்மீன் நாவலை, கருத்தம்மா என்ற மீனவப் பெண்ணின் கதையை, தமிழில் படித்து முடித்தோம். சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பு. கடைசிப் பக்கத்தை வாசித்ததும் ஒருவரும் பேசவில்லை. நான் வழக்கம்போலக் காதல் ஒரு பக்கம், கடமை ஒரு பக்கம் என்று ஆரம்பித்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிற ஒரு பெண் குறுக்கே கேட்டாள்: “ஏன்க்கா, கருத்தம்மாவுக்கு ஒரு ஃப்ரெண்டுகூட இல்லையா? அவ யார்கிட்டத்தான் சொல்லுவா?”

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம் யோசிக்க யோசிக்க, ரகசியக் காதலுக்கும் கடமைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட எல்லாக் கதை ஜோடிகளையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதற்கு அவள் ஒரு சாவியைக் கையில் கொடுத்துவிட்டாள் என்று தோன்றியது. அந்தச் சாவிக்குத் தமிழில் ஒரு பழைய பெயரும் இருக்கிறது. காதல் பாடல்களுக்கான பழைய அகத்திணை இலக்கணத்தைப் படித்தே இராதவர்களுக்காக அதை முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் இரண்டு சொற்கள். களவு, கற்பு. இன்றைக்கு இந்த இரண்டும் வேறு அர்த்தத்தில் புழங்குவதால் கொஞ்சம் தடுமாற்றம் வரும். தொல்காப்பியத்தில் களவு என்றால் ஊருக்கும் வீட்டுக்கும் தெரியாமல் இருவர் பழகும் காலம். கற்பு என்றால் அது வெளிப்பட்டு, ஊரறியச் சடங்கு நடந்து, குடும்பமாக வாழும் காலம். ஒரே காதலின் முன்பாதியும் பின்பாதியும்தான் இவை. பொருளதிகாரத்தில் களவியல் என்று ஓர் இயல், அதை அடுத்துக் கற்பியல் என்று ஓர் இயல். திருக்குறளின் காமத்துப்பாலும் இப்படித்தான் பிரிந்திருக்கிறது. களவியலுக்கு 7 அதிகாரம், கற்பியலுக்கு 18 அதிகாரம்.

களவு என்ற சொல்லைத் திருட்டு என்று எடுத்துக்கொண்டு இதைத் தப்பான காதல் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய இலக்கணத்தில் களவுக்குக் கண்டனம் இல்லை. அது வளர்ந்து வெளியே வந்தாக வேண்டும் என்ற தவிப்பு மட்டும்தான் உண்டு. பாதிப் பாடல்கள் அந்தத் தவிப்பிலிருந்துதான் பிறக்கின்றன. பகலில் ஓர் இடம், இரவில் ஓர் இடம் என்று குறித்துச் சந்திக்கிறார்கள். ஊரில் நாலு பேர் வாய்க்குள் முணுமுணுக்கிறார்கள், அது அம்பல். மொட்டு மாதிரி. அதுவே விரிந்து தெருவெல்லாம் பேச்சானால் அலர். அலர் என்றால் பூத்தல். அம்மாவுக்குச் சந்தேகம் வந்து பெண்ணை வெளியே விடாமல் வைப்பது இற்செறிப்பு. மகள் மெலிகிறாளே என்று வேலன் என்கிற பூசாரியைக் கூப்பிட்டு முருகனுக்கு ஆடவைப்பது வெறியாட்டு. இதற்கிடையே வேறு வீட்டார் பெண் கேட்டு வந்துவிடுவார்கள். திருக்குறளில் ஒரு பெண் சொல்கிறாள்:

ஊரவர் கௌவை எருவாக அன்னைசொல்
நீராக நீளும்இந் நோய்

ஊர்ப் பேச்சு உரம், அம்மாவின் ஏச்சு தண்ணீர், இரண்டிலும் என் காதல் செழிப்பாக வளர்கிறது என்கிறாள். எங்கள் புளியரை வயலில் எரு போட்டுத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

சரி, இதில் கடமை எங்கே இருக்கிறது? சாதாரணமாக நாம் கடமையைக் காதலுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்துகிறோம். அப்பாவின் வாக்கு, குலத்தின் பெயர், ராஜ்யத்தின் பொறுப்பு. அதற்கு எதிரே இரண்டு இளம் உள்ளங்கள். ஒன்று ஜெயிக்கும், ஒன்று தோற்கும். படிக்கிறவர் ஒரு பக்கம் நின்று கைதட்ட வேண்டியதுதான். அகத்திணை இலக்கணம் இதை இப்படி அமைக்கவில்லை. களவு எந்தக் கணத்தில் வாய்திறந்து வெளிப்படுகிறதோ அந்தக் கணத்துக்கு அது வைத்த பெயர் அறத்தொடு நிற்றல். ரகசியத்தைச் சொல்வதற்குப் பெயர் அறத்தோடு நிற்பது. முதன்முதலில் இந்தத் தொடரின் நேர்ப்பொருள் எனக்கு உறைத்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். காதலித்ததை மறைப்பதும் அல்ல, மறப்பதும் அல்ல, சொல்ல வேண்டியவரிடம் சொல்வதுதான் அறம் என்று ஓர் இலக்கண நூல் பெயர் வைத்திருக்கிறது.

யார் சொல்ல வேண்டும் என்பதற்கும் ஒரு வரிசை உண்டு. தலைவி தோழியிடம் சொல்வாள். தோழி, தலைவியை வளர்த்த செவிலித்தாயிடம் சொல்வாள். செவிலி பெற்ற தாயிடம் சொல்வாள். அப்பாவும் அண்ணன்மாரும் குறிப்பால் தெரிந்துகொள்வார்கள், அவர்களிடம் யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. நம் வீடுகளில் இன்றைக்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்தே அப்பா விஷயத்தைப் பிடித்துவிடுகிறாரே, அதேதான்.

இந்த வரிசையில் பாரம் முழுவதும் இறங்குவது தோழியின் தலையில். அவள் இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவள். காதலுக்குக் காவல் நின்றவளும் அவள்தான், அதைக் கொண்டுபோய் வீட்டில் ஒப்படைக்க வேண்டியவளும் அவள்தான். செவிலியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தொல்காப்பியம் அவளுக்கு ஏழு வழி சொல்கிறது. அவனை எளியவனாகக் காட்டிச் சொல்வது எளித்தல். அவனை உயர்த்திச் சொல்வது ஏத்தல். அவனுக்கு இவள்மேல் எவ்வளவு ஆசை என்று சொல்வது வேட்கை உரைத்தல். ஒரு காரணத்தை நடுவில் வைத்துச் சொல்வது ஏதீடு. தற்செயலாகச் சந்தித்தார்கள் என்பது தலைப்பாடு. இவற்றோடு கூறுதல் உசாதல் என்பதும், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிற உண்மை செப்பலும் உண்டு.

ஏட்டில் படித்தால் வறட்சியாக இருக்கும். அதனால் திண்ணைப் பிள்ளைகளிடம் ஒரு விளையாட்டு வைத்தேன். உங்கள் தோழி ஒருத்தி காதலிக்கிறாள், அவளுடைய சித்தியிடம் நீங்கள் போய்ச் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வீர்கள்? ஒருத்தி சொன்னாள்: “சித்தி, அன்னைக்குக் குத்தாலத்துல பாறை வழுக்கி இவ விழப் பார்த்தாள்ல, அப்போ கையைப் பிடிச்சுத் தூக்கி விட்டது அந்த அண்ணன்தான்.” இது ஏதீடு. இன்னொருத்தி: “அவங்க வீட்ல அவரு ரொம்ப அமைதி சித்தி, நம்ம தெருவுல வந்தாக்கூடத் தலை குனிஞ்சுதான் போவாரு.” இது எளித்தல். யாரும் சொல்லித் தராமலே சரியாகச் செய்தார்கள். ஒருத்தி மட்டும் “நான் சொல்ல மாட்டேன், சொன்னா அவளை அடிப்பாங்க” என்றாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. அவள் சொன்னதுக்குப் பின்னால் வருவேன்.

தோழி என்றால் எப்படி இருப்பாள் என்று பார்க்கக் குறிஞ்சிப்பாட்டை விடச் சிறந்த இடம் இல்லை. கபிலர் பாடியது, 261 அடி. ஆரிய அரசன் பிரகத்தத்தனுக்குத் தமிழின் அகநெறியை அறிமுகப்படுத்தப் பாடியதாக அதன் பழங்குறிப்பு சொல்கிறது. ஆக, இதுவும் ஒரு தொடக்கநிலை விளக்கம்தான். 99 பூக்களின் பெயர் வருகிற பாட்டு என்பதால் பள்ளிக்கூடத்தில் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறோம். எனக்கு அந்தப் பூக்களுக்கு முன்னால் வருகிற வரிகள்தான் முக்கியம்.

பாட்டு முழுவதும் தோழி ஒருத்தியின் பேச்சு. எதிரே செவிலித்தாய். “அன்னாய் வாழிவேண் டன்னை” என்று வாழ்த்தி ஆரம்பிக்கிறாள். அம்மா நீ நல்லா இருக்கணும், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு என்கிற தொனி. மகளின் உடம்பு மெலிந்ததற்கு நீ சாமியெல்லாம் கும்பிட்டுப் பார்க்கிறாய், காரணம் அதுவல்ல என்கிறாள். தலைவி தன்னிடம் சொன்னதையும் எடுத்துச் சொல்கிறாள். முத்தும் மணியும் பொன்னும் கொண்டு செய்த நகை கெட்டுப்போனால் திரும்பச் சேர்த்துவிடலாம், குடியின் சால்பும் ஒழுக்கமும் குன்றினால் பெரிய ஞானிகளாலும் அதைத் திருப்பி நிறுத்த முடியாது என்று அந்தப் பெண்ணே சொல்லியிருக்கிறாள். கடமை வெளியிலிருந்து வந்து அவளை அடிக்கவில்லை, ஆசை இருக்கிற அதே நெஞ்சில்தான் அதுவும் இருக்கிறது. அதற்கப்புறம் தோழி தன் நிலைமையைச் சொல்லும் வரி:

இகல்மீக் கடவும் இருபெரு வேந்தர்
வினையிடை நின்ற சான்றோர் போல

பகைத்து நிற்கிற இரண்டு பெரிய அரசர்களுக்கு நடுவில் சமாதானம் பேசப் போன சான்றோரைப்போல நான் இரண்டு பயத்தோடு நிற்கிறேன் என்கிறாள். நாம் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கும் கருத்தே இந்த இரண்டு அடிக்குள் இருக்கிறது. காதலுக்கும் கடமைக்கும் நடுவே கிழிபடுவது காதலர் இருவர் மட்டும் என்றுதான் நினைக்கிறோம். கபிலர் மூன்றாவதாக ஒருத்தியை அங்கே நிறுத்தி, நடுவில் நிற்கிற வேலை அவளுடையது என்கிறார்.

அதற்குப் பிறகுதான் நடந்த கதை. தினைப்புனத்தில் கிளி ஓட்டினோம், அருவியில் ஆடினோம், பூப் பறித்துப் பாறையில் குவித்தோம், வேட்டை நாய்களோடு ஒருவன் வந்தான், பயந்துபோனோம், அந்த நேரம் மதயானை வந்தது, ஓடிப்போய் அவன் பக்கத்தில் ஒண்டினோம், அவன் அம்பு விட்டான். யானையிலிருந்து காப்பாற்றினான் என்பதுதான் ஏதீடு. கந்தபுராணத்தில் வள்ளி கதையிலும் அதே தினைப்புனம், அதே வேடன், அதே யானை. யானையாக வருவது அண்ணன் பிள்ளையார். அங்கே பாங்கி, அதாவது தோழி, இருந்தும் சொல்லாமலே கூட்டிக்கொண்டு போய்விடுகிறார் முருகன். நம்பிராசனும் வேடர்களும் துரத்தி வந்து அம்பு விட்டு மடிகிறார்கள். நாரதர் வந்து, பெற்றவர்களிடம் சொல்லாமல் போவது தகுமா என்று கேட்ட பிறகு எல்லாரும் உயிர்பெற்று, ஊருக்குத் திரும்பிக் கல்யாணம் நடக்கிறது. சொல்ல வேண்டியதைச் சொல்ல நாரதராவது வந்தார்.

இனி, சொல்வதற்கு ஆளே இல்லாத கதைகள்.

குறுந்தொகையின் 25-ஆம் பாட்டும் கபிலருடையதுதான். ஐந்தே அடி. ஒரு பெண் சொல்கிறாள்: அவன் என்னோடு சேர்ந்த அன்றைக்கு அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான். அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? தினைத் தாள் மாதிரிச் சின்னப் பச்சைக் காலோடு ஒரு குருகு நின்றது, ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு. எத்தனை தடவை வாசித்தாலும் அந்தக் காலின் நிறத்தில் வந்து நின்றுவிடுகிறேன். இவ்வளவு துல்லியமாக ஒரு பறவையின் காலை ஞாபகம் வைத்திருக்கிறாள் என்றால், அந்த நேரத்தை மனசுக்குள் எத்தனை முறை திருப்பிப் போட்டுப் பார்த்திருப்பாள்! சாட்சி தேடுகிறாள். கிடைத்த ஒரே சாட்சிக்குப் பேச்சும் வராது, கண்ணும் மீன்மேல் இருந்தது.

கல்யாணச் சடங்கு ஏன் வந்தது என்பதற்குத் தொல்காப்பியம் சொல்லும் காரணம் இந்தப் பெண்ணின் பயத்துக்கு நேர் பதிலாக இருக்கிறது. “பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப.” பொய் சொல்வதும் தவறு செய்வதும் வந்த பிறகு பெரியவர்கள் சடங்கை ஏற்படுத்தினார்கள். ஊரைக் கூட்டிச் சாட்சி வைத்தார்கள், அவ்வளவுதான். பெற்றவர்கள் கொடுக்காவிட்டாலும், இருவரும் உடன்போன இடத்தில் கரணம் உண்டு என்றும் அதே கற்பியல் சொல்கிறது. இதை நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் படிக்காமல் விட்டுவிட்டார்கள்.

எங்கள் ஊரிலிருந்து மலையேறினால் ஆரியங்காவு. கேரளத்துக்குள் நுழைந்ததும் வருகிற சாஸ்தா கோயில். மதுரைச் சௌராஷ்டிர வியாபாரி ஒருவரின் மகள் புஷ்கலை, அந்தக் காட்டில் சாஸ்தாவோடு ஐக்கியமானாள் என்பது ஐதீகம். வருஷாவருஷம் மார்கழியில் அங்கே திருக்கல்யாணம். பெண் வீட்டாராக மதுரையிலிருந்து சௌராஷ்டிரர்கள் வருகிறார்கள், மாப்பிள்ளை வீட்டாராகத் திருவிதாங்கூர் தேவசம் போர்டு எதிர்கொள்கிறது. தெய்வத்தின் களவுக்கும் கரணம் வேண்டும் என்று இரண்டு மொழிக்காரர்கள் சம்பந்திகளாக நிற்கிறார்கள்.

சாட்சி இல்லாத காதலின் பெரிய கதை சகுந்தலை. மகாபாரதத்தில் துஷ்யந்தன் தெரிந்தே “உன்னை எனக்குத் தெரியாது” என்கிறான். குருகைப் பார்த்த பெண் பயந்தது அப்படியே நடக்கிறது. அங்கே அசரீரி வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. காளிதாசர் அதை நாடகமாக எழுதியபோது அரசனைப் பொய்யனாக விடவில்லை. துர்வாசரின் சாபத்தால் மறந்தான் என்று மாற்றினார். கணவனையே நினைத்துக்கொண்டிருந்ததால் வாசலுக்கு வந்த முனிவரைக் கவனிக்காமல் விடுகிறாள் சகுந்தலை. ஆசிரமத்துப் பெண்ணுக்கு விருந்தினரைக் கவனிப்பதுதான் கடமை. காதலில் அது தவறுகிறது, சாபம் விழுகிறது.

என்னை உறுத்துவது அதற்கு அடுத்த நிமிஷம். சகுந்தலைக்கு இரண்டு தோழிகள், அனசூயை, பிரியம்வதை. சாபம் அவர்கள் காதில்தான் விழுகிறது. பிரியம்வதை ஓடிப்போய்க் கெஞ்சி, அடையாளப் பொருளைக் காட்டினால் சாபம் தீரும் என்று வாங்கி வருகிறாள். அப்புறம் இருவரும் சேர்ந்து ஒரு முடிவு எடுக்கிறார்கள்: இவள் மென்மையானவள், தாங்க மாட்டாள், இதை அவளிடம் சொல்ல வேண்டாம். அன்பினால்தான் மறைத்தார்கள். புறப்படும்போது, ராஜா தயங்கினால் மோதிரத்தைக் காட்டு என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். மோதிரம் எவ்வளவு முக்கியம் என்று தெரியாதவள், வழியில் தீர்த்தத்தில் கும்பிடும்போது அதை நழுவவிடுகிறாள். தோழிகள் இருந்தார்கள், ஆனால் சொல்லவில்லை. அகத்திணைத் தோழிக்கும் இவர்களுக்கும் உள்ள தூரம் அந்த ஒரு வாக்கியம்தான்.

ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டுக்கும் ஒரு செவிலி உண்டு. நம்முடைய தோழி, செவிலி இரண்டு பேரையும் சேர்த்து ஒரே ஆளாக்கினால் அவள். ரோமியோவிடம் தூது போகிறாள், ரகசியக் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்கிறாள், நூலேணி கொண்டுவருகிறாள். தோழியின் முதல் பாதி வேலையை அவளைப்போல உற்சாகமாகச் செய்தவர்கள் குறைவு. அப்பா வேறு மாப்பிள்ளையை முடிவு செய்து மகளைத் திட்டித் தீர்க்கிற இரவில், “இவளுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது” என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவள் நிற்கிறாள். சொல்லவில்லை. பேசாமல் அந்தப் புது மாப்பிள்ளையைக் கட்டிக்கொள் என்று ஜூலியட்டுக்குப் புத்தி சொல்கிறாள். அதற்குப் பிறகுதான் மருந்து, மயானம், பாதிரியார் எழுதிய கடிதம் எல்லாம். கடிதம் கொண்டுபோனவர் கொள்ளைநோய்ப் பயத்தால் ஒரு வீட்டில் அடைக்கப்பட்டு, அதுவும் போய்ச் சேரவில்லை. கடிதம் போய்ச் சேராததை விதி என்கிறோம். என்னைக் கேட்டால் கதை முறிந்தது அந்த இரவில், செவிலியின் வாயில்.

அம்பிகாபதி அமராவதி கதை எல்லாருக்கும் தெரியும் என்பதால் விரிக்கவில்லை. சிற்றின்பம் கலவாமல் நூறு பாட்டுப் பாட வேண்டும் என்று சோழன் நிபந்தனை வைக்கிறான். காப்புச் செய்யுளையும் ஒன்றாக எண்ணி, நூறாகிவிட்டது என்று அமராவதி வெளியே எட்டிப் பார்த்துவிடுகிறாள். பக்கத்தில் சேர்ந்து எண்ண ஒருத்தி இருந்திருக்கலாம்.

கல்கியின் சிவகாமி வேறு மாதிரி. அங்கே கடமை காதலனின் பதவியிலேயே இருக்கிறது. நரசிம்மவர்மன் நாளைய பல்லவச் சக்கரவர்த்தி, சிவகாமி ஆயனச் சிற்பியின் மகள். இந்தக் காதல் மகேந்திரவர்மருக்குத் தெரியும், பிடிக்கவில்லை. ஆனால் கதையை முறிப்பது அது அல்ல. புலிகேசி சிவகாமியை வாதாபிக்குக் கொண்டுபோன பிறகு, நரசிம்மன் மாறுவேஷத்தில் அவளை மீட்க வருகிறான். வாசல்வரை வந்தவனோடு அவள் போக மறுக்கிறாள். வாதாபியை எரித்த பிறகுதான் இந்த ஊரை விட்டு வருவேன் என்று சபதம் செய்திருக்கிறாள். அவன் கடமையை அவளே எடுத்து அவன் கையில் கொடுக்கிறாள். அவன் அதை நிறைவேற்ற ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்குள் ராஜ்யத்துக்காக அவனுக்குப் பாண்டிய இளவரசியோடு கல்யாணம் ஆகி, பிள்ளைகளும் பிறந்தாயிற்று. இரண்டு பேரும் தங்கள் சொல்லைக் காப்பாற்றினார்கள். அந்த இரவில் வாதாபியில், இருபெரு வேந்தர் நடுவே நின்ற சான்றோரைப்போல ஒருவர், “சபதத்தைக் கொஞ்சம் தளர்த்தம்மா” என்று அவள் கேட்கிற குரலில் சொல்லியிருந்தால் என்று ஒவ்வொரு தடவையும் மனசு அடித்துக்கொள்கிறது.

இப்போது கருத்தம்மா. செம்மீன் மலையாளத்தில் வெளிவந்தது 1956-இல். அதே வருஷம் நவம்பர் 1-ஆம் தேதிதான் எங்கள் செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. செம்மீன் என்றால் இறால். கடலோர மீனவர் செம்பன்குஞ்சின் மகள் கருத்தம்மா, மீன் வாங்கி விற்கிற முஸ்லிம் இளைஞன் பரீக்குட்டி. கரையில் விளையாடி வளர்ந்த பழக்கம் காதலாகிறது. அந்தக் கடற்கரையின் நம்பிக்கை ஒன்று உண்டு: புருஷன் கடலில் இருக்கும்போது கரையில் பெண்டாட்டி சுத்தமாக இருந்தால்தான் கடலம்மா அவனைத் திருப்பி அனுப்புவாள். ஒரு பெண்ணின் மனசில் இருப்பதற்கு ஒரு ஆணின் உயிர் ஈடு. இதைவிட பாரமான கடமையை ஒரு பெண்ணின் தோளில் யாராவது ஏற்றியிருக்கிறார்களா என்று தெரியவில்லை.

இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது நான் கவனிக்காமல் விட்டது அம்மா சக்கியை. சக்கிக்கு எல்லாம் தெரியும். அகத்திணைக் கணக்கில், விஷயம் தோழியைத் தாண்டி, செவிலியைத் தாண்டி நேரே பெற்ற தாயிடமே வந்து நிற்கிறது. ஆனால் அவள் மகள் பக்கத்துச் செய்தியை வெளியே கொண்டுபோகவில்லை, கடலம்மாவின் செய்தியை மகளிடம் கொண்டுவருகிறாள். கெட்டவள் அல்ல, பயந்தவள். ஜாதியும் மதமும் குறுக்கே நிற்கிற அந்தக் கரையில் எந்த வாசலில் போய் அறத்தொடு நிற்பாள்? அப்பா செம்பன்குஞ்சோ, பரீக்குட்டியிடம் கடன் வாங்கித் தோணியும் வலையும் வாங்குகிறார், திருப்பித் தருவதில்லை. மகளின் காதலில் அவர் கண்ணுக்குத் தெரிந்தது முதலீடு. கருத்தம்மாவுக்குக் கடனைத் தீர்க்க வேண்டும் என்கிற இன்னொரு கடமையும் சேர்ந்துகொள்கிறது.

பழனியைக் கல்யாணம் செய்துகொண்டு அவன் கரைக்குப் போகிறாள். உண்மையாகத்தான் வாழ்கிறாள். ஆனால் அலர் அவளுக்கு முன்பே அங்கே போய்விட்டது. இவள் பெயர் கெட்டவள், இவள் புருஷனோடு கடலுக்குப் போனால் நமக்கும் ஆபத்து என்று மற்றவர்கள் பழனியைத் தோணியில் சேர்த்துக்கொள்வதில்லை. அவன் தனியாகத் தூண்டில் போடப் போகிறான். பழைய பாட்டில் அலர் உரமாக இருந்தது. இங்கே அது சோற்றில் கை வைக்கிறது. கடைசி இரவில் கருத்தம்மாவும் பரீக்குட்டியும் சந்திக்கிறார்கள், பழனி சுறாவின் பின்னால் கடலுக்குள் இழுபட்டுப் போகிறான். பிறகு கரையில் இரண்டு உடல்கள் தழுவியபடி ஒதுங்குகின்றன. ஊர் கடலம்மாவின் கோபம் என்று படித்துக்கொள்ளும். நான் படித்தது வேறு. எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் உரக்கச் சொல்லாத ஒரு விஷயம், கடைசிவரை களவாகவே கிடந்து கெட்டுப்போயிற்று.

“சொன்னா அடிப்பாங்க” என்ற பெண்ணிடம் திரும்ப வருகிறேன். அவள் சொன்னது சரி. தோழி வாய்திறக்க வேண்டுமானால் எதிரே காது கொடுக்கிற ஒரு செவிலி வேண்டும். குறிஞ்சிப்பாட்டின் செவிலி பாட்டு முழுக்க ஒரு வார்த்தை பேசுவதில்லை, 261 அடியும் கேட்கிறாள். ஜாதிக்காகப் பெற்ற பிள்ளையையே வெட்டுகிற வீட்டில் அறத்தொடு நில் என்று ஒரு பதினேழு வயதுப் பெண்ணுக்கு நான் சொல்ல முடியாது. அங்கே அறம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. வயதுவந்த இருவர் விரும்பிச் சேர்வதில் குடும்பமோ ஜாதிக் கூட்டமோ தலையிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்னது. 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம் பெற்றவர்கள் கொடுக்காத கரணத்தைத் தருகிறது. ஆனால் அதற்கு 30 நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்கிறது. அந்த 30 நாளும் அலருக்கு அரசாங்கமே வாசல் திறந்து வைப்பது மாதிரி எனக்குப் படுகிறது.

தோழி இல்லாமலே அறத்தொடு நின்ற ஓர் ஆண், எங்கள் மலைத்தொடரிலேயே இருக்கிறான். வில்லுப்பாட்டில் கேட்ட கதை. பிராமணப் பிள்ளை முத்துப்பட்டன், அண்ணன்மாரோடு மனம் கசந்து கேரளத்துக் கொட்டாரக்கரைக்குப் போய் அரசனிடம் வேலை பார்க்கிறான். அண்ணன்மார் வந்து அழைத்துத் திரும்பும் வழியில், பாபநாசம் மலையில் சொரிமுத்தையன் கோயில் பக்கத்தில், பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கையைப் பார்க்கிறான். செருப்புத் தைக்கிற குலத்து வாலப்பகடையின் பெண்கள். அவன் தூது விடவில்லை, ஒளிந்து சந்திக்கவில்லை. நேரே அப்பாவிடம் போய்ப் பெண் கேட்கிறான். பகடை நிபந்தனை வைக்கிறார்: பூணூலை அறு, குடுமியை எடு, எங்களைப்போல இருந்து எங்கள் தொழிலைச் செய்து காட்டு. செய்கிறான். கல்யாணம் நடக்கிறது. அன்றைக்கே, மாமனாரின் கிடையில் மாடு திருட ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று செய்தி வருகிறது. புது மருமகன் எழுந்து போகிறான். வீட்டுக்கு மருமகனானவனுக்கு அந்த வீட்டு மாடு கடமை. போனவன் திரும்பவில்லை, பெண்கள் இருவரும் தீயில் இறங்கினார்கள்.

காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவனுக்குப் பட்டவராயன் என்று சன்னதி உண்டு. ஆடி அமாவாசைக்கு வண்டி கட்டிக்கொண்டு போகிற கூட்டம் அங்கே தோல்செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறது. அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் அந்தச் செருப்புத் தேய்ந்திருக்கும், ராத்திரியில் பட்டவராயன் அதைப் போட்டுக்கொண்டு மலையில் நடக்கிறான் என்பார்கள். என் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போனபோது, ஒரு ஜோடியின் அடிப்பாகத்தைத் திருப்பிக் காட்டினாள். குதிகால் பக்கம் தேய்ந்துதான் இருந்தது.